சனிக்கிழமைச் சூடு

வெர்னா மத்திலா படம் பார்த்து அழுகிறவள். அவளே அதைச் சொல்லிச் சிரிப்பாள். மற்றவர்கள் சொன்னால்தான் கோபம் வரும். மிச்சிகனின் வட கோடியில், சுப்பீரியர் ஏரிக்கரை முதியோர் இல்லத்தில் அவள் தலைமை நர்ஸ். பனி கொட்டிச் சாலை அடைபட்ட நாளில் மூன்று ஆள் வேலையை ஒருத்தியாகச் செய்வாள். இறந்துபோனவரின் கண்ணை மூடிவிட்டு அடுத்த அறைக்குப் போய் மாத்திரை கொடுப்பாள், முகத்தில் ஒன்றும் தெரியாது. ஆனால் திரையில் ஒருவன் ஒருத்தியைப் பார்த்துக் கையசைத்துவிட்டு ரயிலேறினால் போதும், கைக்குட்டை நனைந்துவிடும். இரண்டு கல்யாணம் செய்து, இரண்டு புருஷன்மார் பெட்டியையும் தன் கையாலேயே தூக்கி வாசலில் வைத்தவள் அவள். “நிஜ ஆம்பளைங்க சரியில்ல. அதனாலதான் படத்து ஆம்பளைங்களைப் பார்க்கிறேன்” என்பாள்.

அவளுக்கு உயிரான படம் ஒன்று உண்டு. ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்த ஒரு கிழவர். அவர் மனைவிக்கு மறதி நோய், புருஷனையே தெரியவில்லை. கிழவர் தினமும் பழைய சீருடையை மாட்டிக்கொண்டு, அவளைக் கைவிடப்பட்ட ரயில் நிலையத்துக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்து, ஒரு டிக்கெட்டைத் துளையிட்டுக் கையில் கொடுத்து, தாங்கள் ரயிலில் சந்தித்த கதையைச் சொல்வார். கடைசிக் காட்சியில் அவள் டிக்கெட்டைப் பார்ப்பாள், அவர் முகத்தைப் பார்ப்பாள், மெல்ல அவர் பெயரைச் சொல்வாள். வயலின் உயரும். கல் நெஞ்சும் கரையும்.

ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் வெர்னா இந்தப் படத்தை இல்லத்துக் கூடத்தில் போட்டு, உதவியாளர்களுக்குப் பாடம் எடுப்பாள். மறதி வந்தவர்களிடம் தினமும் உங்கள் பெயரைச் சொல்லுங்கள், உறவைச் சொல்லுங்கள், பழைய கதையைச் சொல்லுங்கள், அன்பு கதவைத் திறக்கும் என்பாள். பாடம் முடிந்ததும், பல வருஷமாக அங்கே வேலை பார்க்கும் கோலீன் பின்வரிசையிலிருந்து குரல் கொடுப்பாள்.

“அன்பு கதவைத் திறந்துட்டுப் போயிடுது வெர்னா. பெட்ஷீட்டை யார் மாத்துறது?”

“நீதான். வாயை மூடிக்கிட்டு மாத்து.”

அந்த வருஷம் படம் பார்க்க வெளியாள் ஒருவரும் வந்திருந்தார், ரெய்னோ லெஹ்தோ. அவரை வலிந்து அழைத்து உட்காரவைத்தது வெர்னாதான். எண்பதைத் தாண்டிய மனிதர். வேலை பார்த்த காலமெல்லாம் மாவட்டச் சாலைகளில் பனி தள்ளும் வண்டி ஓட்டியவர். அவர் மனைவி இம்பி அந்த வசந்தத்தில்தான் இல்லத்துக்கு வந்திருந்தாள். அடுப்பை அணைக்க மறந்து, வீட்டு வழியை மறந்து, கடைசியில் ரெய்னோவையும் மறந்துவிட்டிருந்தாள். அவர் தினமும் மதியம் வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டுப் போவார். பேச்சு இருக்காது.

பேச்சு இல்லாததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. ஃபின்லாந்திலிருந்து சுரங்க வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள் அந்தப் பக்கத்து ஜனங்கள். வார்த்தையைச் செலவழிப்பதில் மகா கருமிகள். தங்களைத் தாங்களே கேலி செய்துகொள்ள ஒரு கதை வைத்திருக்கிறார்கள். ஒருவன் தன் மனைவியை அளவுகடந்து நேசித்தானாம். எவ்வளவு என்றால், ஒருநாள் அவளிடமே சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தானாம். ரெய்னோ அந்த ரகம். உள்ளே இருந்ததெல்லாம் ஊமை கண்ட கனவாக உள்ளேயே கிடந்தது.

படம் முடிந்து விளக்கைப் போட்டபோது அவர் எழுந்திருக்கவில்லை. தொப்பியை மடியில் வைத்துத் திருகிக்கொண்டிருந்தார்.

“அந்தம்மா பேரைச் சொல்றதுக்கு எவ்வளவு நாள் ஆச்சு?” என்று கேட்டார்.

“தினமும் சொல்லிக்கிட்டே இருந்தார் இல்லையா, அதனால சொன்னாங்க” என்றாள் வெர்னா. “நீங்களும் சொல்லுங்க ரெய்னோ. சும்மா உட்கார்ந்திருந்தா எப்படி?”

அவர் முகத்தில் ஓர் ஆசை வந்து உட்கார்ந்ததை அவள் பார்த்தாள். பார்த்துச் சந்தோஷப்படவும் செய்தாள். 

மறுநாள் ரெய்னோ கல்யாணத்துக்குக் கட்டிய கழுத்துப்பட்டையோடு வந்தார். வெர்னா கதவோரம் நின்றாள்.

“நான் ரெய்னோ” என்றார் அவர், மனைவியின் காலணியைப் பார்த்துக்கொண்டு. “உன் புருஷன். கூட்டுறவு மண்டபத்து டான்ஸ்ல பார்த்தோம். நீ பச்சைக் கவுன் போட்டிருந்த.” அதோடு சரக்கு தீர்ந்துவிட்டது. வெர்னா பக்கம் திரும்பினார். “இன்னும் என்ன?”

“அவங்களைப் பார்த்தப்போ உங்களுக்கு என்ன தோணுச்சோ, அதைச் சொல்லுங்க.”

ரெய்னோ நன்றாக யோசித்தார். “கவுன் பச்சைன்னு தோணுச்சு.”

சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் இம்பிக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு வாரத்தில் அவள் அவரைப் பார்த்தாலே நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளத் தொடங்கினாள். வெர்னாவின் கையைப் பிடித்துத் தாழ்ந்த குரலில் சொன்னாள்.

“எங்க வீட்டுக்காரர் சின்ன வயசு, பொண்ணே. பனி தள்ளப் போயிருக்கார். இந்தக் கிழவர் தினமும் வந்து உன் புருஷன், உன் புருஷன்னு சொல்றார். இவருக்குப் பார்த்துக்க ஆள் யாரும் இல்லையா?”

ரெய்னோ அதைக் கேட்டுவிட்டார். தாழ்வாரத்தில் வெர்னாவிடம் சொன்னார்: “சும்மா இருந்தப்போ பக்கத்துல உட்கார விட்டா. இப்ப அதுவும் போச்சு.”

அன்றே விட்டிருக்கலாம். ஆனால் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவள் வெர்னா. பொறுமை வேண்டும், படத்திலும் கிழவர் பொறுமையாகத்தானே இருந்தார் என்று அவரையும் தன்னையும் தேற்றிக்கொண்டாள்.

இதற்கிடையில் வேறொரு தொல்லை முற்றிக்கொண்டு வந்தது. இம்பி குளிக்க மறுத்தாள். செவ்வாயும் வெள்ளியும் காலையில் குளியல் முறை. வெள்ளை ஓடு பதித்த அறை, நடுவில் சக்கர நாற்காலி, சுவரில் ஷவர். தாழ்வாரம் திரும்பியதுமே இம்பி கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, “ஆம்பளைங்க இன்னும் முடிக்கல. ஆம்பளைங்க இன்னும் உள்ள இருக்காங்க” என்பாள். உள்ளே யாருமே இல்லை என்று கோலீன் கதவைத் திறந்து காட்டுவாள். இம்பி நம்பமாட்டாள். இழுத்தால் அடிப்பாள். இல்லாத ஆண்கள் கண்ணுக்குத் தெரிகிறார்கள், மனப்பிரமை என்று வெர்னா அவளுடைய மருத்துவக் குறிப்பில் எழுதிவைத்தாள். டாக்டரும் தலையாட்டினார்.

குளிக்காத உடம்பு என்னாகும்? தொடை மடிப்பில் புண் வந்தது. ஏதாவது செய்தாக வேண்டும். அப்போதுதான் வெர்னாவுக்கு அந்த யோசனை வந்தது. நேசிக்கிறவர் கையைப் பிடித்திருந்தால் பயம் தெளியும், ரெய்னோவைக் குளியல் அறைக்குள்ளேயே நிறுத்துவோம்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. இம்பியின் உடையைக் கழற்றி, மேலே துண்டைப் போர்த்தி, கோலீன் தண்ணீரைத் திறந்தபோது ரெய்னோ உள்ளே வந்தார். சொல்லிக்கொடுத்தபடியே, “நான்தான் ரெய்னோ, உன் புருஷன்” என்றார். இம்பி கண்டது, தான் உடையில்லாமல் இருக்கும் அறைக்குள் தினமும் வந்து தொல்லை செய்கிற ஓர் அந்நியக் கிழவரை. கூடவே தலைக்கு மேலிருந்து தண்ணீர் வேறு கொட்டுகிறது. அவள் போட்ட கூச்சல் சாப்பாட்டுக் கூடம் வரை கேட்டது. நாற்காலி கவிழ்ந்தது. அவளைக் கீழே விழாமல் பிடிக்கப்போன கோலீனின் மணிக்கட்டு முறிந்தது.

ரெய்னோ வெளியே வந்து சுவரில் சாய்ந்து நின்றார். கழுத்துப்பட்டை நனைந்து தொங்கியது. அவர் வெர்னாவைத் திட்டியிருந்தால் அவளுக்கு நன்றாக இருந்திருக்கும். அவர் திட்டவில்லை.

நிர்வாகி டோபின் கெட்டவன் அல்ல. பயந்தவன். “அவங்களை இங்க வெச்சுக்க முடியாது வெர்னா. கிரீன் பே ஊர்ல பூட்டு போட்ட வார்டு இருக்கு. ஊசி போட்டு அடக்கி வெக்கிறதுக்கு அங்க ஆள் இருக்கு. திங்கட்கிழமை வண்டி வருது. நீயே வீட்டுக்காரர்கிட்ட சொல்லிடு.”

கிரீன் பே என்றால் நல்ல சாலையிலேயே நாலு மணி நேரம். ரெய்னோவின் கண்ணில் புரை. ஊருக்குள் மட்டும்தான் வண்டி ஓட்டலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பிள்ளைகள் கிடையாது. இம்பியை அங்கே அனுப்பினால் அவர் அவளை இனிப் பார்க்கப்போவதில்லை. ஊசி போட்டுத் தூங்கவைத்த உடம்பு எத்தனை நாள் தாங்கும் என்பது வெர்னாவுக்குத் தெரியாததல்ல.

போனில் சொல்ல வாய் வரவில்லை. சனிக்கிழமை மதியம் ரெய்னோவின் வீட்டுக்குப் போனாள். அவர் கொல்லையில் பனியை வெட்டி வழி பண்ணிக்கொண்டிருந்தார். கொல்லைக் கோடியில் இருந்த சவுனா என்கிற ஆவிக்குளியல் குடிலின் புகைபோக்கியில் பிர்ச் விறகுப் புகை எழும்பிக்கொண்டிருந்தது.

“சனிக்கிழமை” என்றார் ரெய்னோ, விளக்கம் சொல்வதுபோல. “சூடேறிடுச்சு. எதுவானாலும் குளிச்சுட்டுப் பேசுவோம். நான் முதல்ல போய்ட்டு வரேன், அப்புறம் நீ போ.”

சவுனா காய்கிற நேரத்தில் வந்த விருந்தாளியைக் குளிக்காமல் அனுப்புவது அங்கே அவமரியாதை. வெர்னா சமையலறையில் உட்கார்ந்தாள். சொல்ல வந்ததை எப்படித் தொடங்குவது என்று மேஜை விரிப்பில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். குடிலுக்குள்ளே காய்ந்த கல்லில் தண்ணீர் ஊற்றும் சீற்றம் லேசாகக் கேட்டது. கொஞ்ச நேரத்தில் கொல்லைக் கதவு திறந்தது. ரெய்னோ முகம் சிவந்து, கழுத்தில் துண்டோடு, தலையிலிருந்து ஆவி பறக்க நின்றார். உள்ளே பார்த்து உரக்கச் சொன்னார், இங்கிலீஷில் அல்ல, அவர்கள் வீட்டு ஃபின்னிஷ் மொழியில்.

“ஆம்பளைங்க முடிச்சாச்சு. சூடு நல்லா இருக்கு. நீ போகலாம்.”

வெர்னா எழுந்துவிட்டாள். எழ வேண்டும் என்று அவள் நினைக்கவேயில்லை. கால்கள் தாமாக எழுந்தன. கை நாற்காலி முதுகில் கிடந்த துண்டை எடுத்தது. சின்ன வயதில் ஒவ்வொரு சனிக்கிழமையும் அவள் அப்பா இதே வார்த்தைகளைச் சொல்லிக்கொண்டு உள்ளே வருவார், உடனே அம்மாவும் அத்தையும் அவளும் எழுந்து போவார்கள். முதலில் ஆண்கள், அவர்கள் வந்து சொன்ன பிறகு பெண்கள். அந்த ஊரில் இதை யாரும் யாருக்கும் கற்றுக்கொடுத்ததில்லை.

கொல்லைக் கதவில் அவள் நின்றுவிட்டாள்.

“ஆம்பளைங்க இன்னும் முடிக்கல” என்றாள், தனக்குத் தானே.

“முடிச்சாச்சுன்னுதானே சொல்றேன்” என்றார் ரெய்னோ.

வெர்னா துண்டை மார்போடு பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை. இத்தனை மாதமாக இம்பி சொன்னது பிரமையே இல்லை. பெண்கள் முறை இன்னும் வரவில்லை, வந்து சொல்ல வேண்டிய ஆள் சொல்லவில்லை என்றுதான் அவள் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். வெர்னா பிறந்ததிலிருந்து சவுனாவில் குளித்தவள், கோலீன் பாட்டி வீட்டிலும் அதே முறை. இருந்தும் ஒருவருக்கும் உறைக்கவில்லை. இல்லத்துக் குளியல் என்பது செவ்வாய்க்கிழமை வேலை. சவுனா என்பது சனிக்கிழமை. இரண்டையும் ஒன்றாக நினைத்துப் பார்க்க அந்த ஊரில் யாருக்குத் தோன்றும்?

“ரெய்னோ, கோட்டைப் போடுங்க. தலை துவட்ட வேணாம்.”

“அவ்வளவு விறகு எரிச்சிருக்கேன்” என்றார் ரெய்னோ. வண்டியில் ஏறுகிற வரைக்கும் அந்த விறகைப் பற்றிக் குறைபட்டுக்கொண்டார். மற்றதை வழியில் சொன்னாள் வெர்னா, திங்கட்கிழமை வரப்போகிற வண்டியையும் சேர்த்து. அதன் பிறகு அவர் விறகைப் பற்றிப் பேசவில்லை.

இல்லத்துக்கு வந்ததும் வெர்னா குளியல் அறையில் வெந்நீரை முழுக்கத் திறந்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். சுவரெல்லாம் வியர்த்து, ஆவி நிறைந்து, எதிர்ச்சுவர் தெரியாமல் போகும் வரை விட்டாள். சக்கர நாற்காலியை வெளியே தள்ளிவிட்டு, தோட்டத்திலிருந்த மர ஸ்டூல்கள் இரண்டைக் கழுவிப் போட்டாள். ரெய்னோ வீட்டிலிருந்து எடுத்துவந்த வாளியையும் தண்ணீர் மொள்ளும் மரக் கரண்டியையும் வைத்தாள். ஷவரை மூடினாள். இம்பி வாழ்க்கையில் தலைக்கு மேலிருந்து கொட்டும் தண்ணீரில் குளித்தவளே அல்ல என்பது அப்போதுதான் அவள் புத்திக்கு எட்டியது. கையில் கட்டோடு நின்ற கோலீனிடம், தாழ்வாரத்து பெஞ்சில் இம்பியை உட்காரவைக்கச் சொன்னாள்.

“இந்தத் தடவை எந்தக் கை உடையப்போகுது?” என்றாள் கோலீன்.

“என்னோடது. நீ தள்ளி நில்லு.”

ரெய்னோ உள்ளே போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, கழுத்தில் துண்டோடு வெளியே வந்தார். ஆவி அவரோடு கூடவே வந்தது. இம்பி அவரைப் பார்த்தாள். நாற்காலியைத் தள்ளுகிறவளைப்போல அவள் கை பெஞ்சை அழுத்தியது. ரெய்னோ தன் பெயரைச் சொல்லவில்லை. உறவும் சொல்லவில்லை. சனிக்கிழமைதோறும் சொன்னதைச் சொன்னார்.

“ஆம்பளைங்க முடிச்சாச்சு. சூடு நல்லா இருக்கு. நீ போகலாம்.”

“வெந்நீர் மிச்சம் இருக்கா?” என்றாள் இம்பி.

“வாளி நிறைய இருக்கு.”

“எப்பவும் இப்படித்தான் சொல்றீங்க. உள்ள போனா பாதி வாளிதான் இருக்கும்” என்று முணுமுணுத்துக்கொண்டு இம்பி எழுந்து, தானே நடந்து, கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

வெர்னாவும் சீருடையைக் களைந்து துண்டைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனாள். விதிப்புத்தகத்தில் இதற்கு இடமில்லை, ஆனால் சவுனாவில் ஒருத்தி உடுத்தியும் ஒருத்தி உடுத்தாமலும் இருப்பது அசிங்கம். இம்பியின் முதுகைத் தேய்க்க அவள் கை நீட்டியபோது இம்பி அதைத் தட்டிவிட்டாள். 

“சின்னவ முதல்ல. திரும்பு” என்றாள் இம்பி.

வெர்னா திரும்பி உட்கார்ந்தாள். அந்தக் கிழக்கைகள் அவள் முதுகைத் தேய்த்த தேய்ப்பில் தோல் உரிந்துவிடும்போல் இருந்தது. அம்மா போன பிறகு அவள் முதுகை யாரும் தேய்த்ததில்லை, இரண்டு புருஷன்மாரும் உட்பட. ஆவியில் அழுதால் தெரியாது என்பது அவளுக்கு வசதியாகப் போயிற்று. பிறகு இம்பி தன் முதுகைக் காட்டினாள், கையைக் காட்டினாள், புண்ணைக்கூடக் காட்டினாள்.

திங்கட்கிழமை வெர்னா டோபினின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். உள்ளே நடந்தது முழுக்க யாருக்கும் தெரியாது. “வண்டி வரட்டும், ஆனா என்னைத் தாண்டித்தான் அந்தம்மாவை ஏத்தணும்” என்ற ஒன்று மட்டும் வெளியே கேட்டதாகக் கோலீன் சொல்வாள். வண்டிக்குப் போன் போட்டு நிறுத்தினார்கள். ஒரு மாதம் பார்ப்போம் என்றான் டோபின். மாதம் கடந்தது, புண் ஆறியது, அதன் பிறகு அவன் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அடுத்த இலையுதிர் காலத்திலும் வெர்னா கூடத்தில் அதே படத்தைப் போட்டாள். டிக்கெட்டைக் கையில் வாங்கிக்கொண்டு கிழவி நிமிர்ந்து பார்க்கப்போகிற இடத்தில் நிறுத்தி, விளக்கைப் போட்டாள்.

“இதுக்கப்புறம்தானே அழணும்?” என்றாள் கோலீன்.

“அதுக்கப்புறம் ஒண்ணும் கிடையாது. அந்த ஆள் தினமும் பெஞ்சில போய் உட்கார்ந்தாரே, பாடம் அவ்வளவுதான்” என்றாள் வெர்னா. “பேரைச் சொல்ல வைக்கிறது நம்ம வேலை இல்ல. நம்மளை அடையாளம் காட்டிக்கணும்ங்கிற ஆசை நமக்குத்தான். அவங்க எந்தக் கிழமையில இருக்காங்களோ, அந்தக் கிழமைக்கு நாம போகணும்.”

பிறகு வழக்கம்போல ஒரு மூச்சு அழுதாள். பழக்கம் எளிதில் விடுமா?

அந்த வாரச் சனிக்கிழமையும் ரெய்னோ வந்தார், குளித்தார், வெளியே வந்து சொன்னார். இம்பி போய்க் குளித்துவிட்டு, சிவந்த முகத்தோடு பெஞ்சில் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சவுனா முடிந்தால் காபியும் ஏலக்காய் மணக்கும் நிசு ரொட்டியும் உண்டு. கோலீன் இரண்டு தட்டில் கொண்டுவந்து வைத்தாள். வெர்னா நாலடி தள்ளித் துண்டு மடித்துக்கொண்டிருந்தாள்.

“சூடு நல்லா இருந்துச்சு. நன்றி” என்றாள் இம்பி.

“ம்” என்றார் ரெய்னோ.

இருவரும் காபியை ஊதிக் குடித்தார்கள். ஜன்னலுக்கு வெளியே அந்தப் பருவத்தின் முதல் பனி விழத் தொடங்கியிருந்தது. இம்பி அதைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள்.

“இருட்டிக்கிட்டு வருது. வீட்ல உங்களைத் தேட மாட்டாங்களா?”

வெர்னாவின் கை துண்டோடு நின்றது. பெயர் சொல்ல இதைவிட நல்ல இடம் எந்தப் படத்திலும் வராது. சொல்லிவிடப்போகிறார் என்று பயந்தாள். சொல்லிவிட மாட்டாரா என்றும் இருந்தது. ரெய்னோ தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“காத்துக்கிட்டுதான் இருக்கா” என்றார். “அவளும் இப்பதான் குளிச்சிட்டு வந்தா.”

“அப்போ சரி” என்றாள் இம்பி. தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்து அவர் தட்டில் வைத்தாள். “காபியைக் குடிச்சிட்டே போங்க. அவங்க ஒண்ணும் நினைச்சுக்க மாட்டாங்க.”